அரை மிதி

வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் போதும், பார்க்கிறவர்கள் எல்லாம் வைத்தியர்கள் ஆகிவிடுவார்கள். மிதித்தால் இழுக்க மாட்டேன் என்கிறது என்று அவள் கார் ஸ்டாண்டில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். அந்த ஒருவருக்குப் பட்டப்பெயர் தந்தி. அப்புறம் கேட்பானேன்? குடித்த டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள் ஸ்டாண்டே பானெட்டைச் சுற்றி நின்றது.

"ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும் அண்ணி. வண்டிக்கு மூச்சு முட்டுது. கழட்டி நல்லாத் தட்டிப் போட்டா சரியாயிடும்."

"புதுசே வாங்கிப் போட்டாச்சு தம்பி."

"அப்ப பிளக்."

"அதையும் மாத்தியாச்சு."

"பெட்ரோல் போடுற எடத்த மாத்துங்க. தண்ணியக் கலக்குறானுங்க. என் வண்டியும் இப்படித்தான், ஏத்தத்துல ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு."

எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று தந்தி காத்திருந்தான். கடைசியில் பேசுகிறவன் பேச்சுதான் எடுபடும் என்பது அவன் அனுபவம். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

"வண்டி நல்ல வண்டிதான்யா. டிரைவர் ஓட்டுன காலத்துல பறக்கும், நாம பாக்காததா? இப்பக் கால் மாறிப்போச்சு, அவ்வளவுதான். மிதிக்கிற கால்ல வலு வேணும், மனசுல தைரியம் வேணும். அண்ணி தப்பா நெனச்சுக்கக் கூடாது. பொம்பளக் கால் பயந்த கால். அது வண்டிக்குத் தெரியாதா?"

யாரோ சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் கோபம் வந்துவிட்டது என்பார்கள். கோபப்பட்டால் அதுவும் பொம்பளைப் புத்தி என்பார்கள்.

ஸ்டாண்டுக்கு நேர் எதிரே வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஊன்றுகோலை முட்டிகளுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, டிரைவர் இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டுவதை விட்டு எவ்வளவோ நாளாகியும் அவருக்குப் பெயர் டிரைவர்தான். தினமும் ஓட்டுகிற அவளுக்குப் பெயர் டிரைவர் வீட்டம்மா. "டேய் தந்தி, வாய மூட்றா" என்று அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டிருக்கலாம். தந்தி பயப்படுகிற ஆள் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். அவர் போடவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தார். தாகம் ஒன்றும் இல்லை.

வண்டிக்கு என்ன வியாதி என்று தெரிந்த ஒரே ஆள் அவர். அதை வரவழைத்தவரும் அவரேதான்.

போன மழைக்காலத்தில் பஞ்சரான டயரைக் கழற்றும்போது ஈர மண்ணில் ஜாக்கி சரிந்து, பிள்ளை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி அவருடைய வலது பாதத்தின் மேலேயே உட்கார்ந்தது. டாக்டர்கள் கம்பி வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். சேர்ந்ததே தவிர, கணுக்காலுக்குக் கீழே அந்தக் கால் சொன்ன பேச்சுக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஊன்றுகோல் இருந்தால் நடக்கலாம். மிதிக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தப் பாதம் மிதித்துப் போட்ட சோறுதான் அந்த வீட்டில் வெந்துகொண்டிருந்தது.

வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று அவளுடைய அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவள் கேட்கவில்லை. "எதுக்கு விக்கணும்? நான் ஓட்டறேன்" என்றாள். டிரைவர் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தார். வீட்டு முன்னறையில் தையல் மிஷினை மிதித்து மிதித்துத் தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த கால் அவளுடையது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று அந்தக் காலுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பழகினாள். லைசென்ஸ் தேர்வில் முதல் தடவையே தேறினாள். டிரைவர் அந்தக் காலத்தில் இரண்டாம் தடவை தேறியவர். அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம் ஒருநாள் டாக்டரிடம் காலைக் காட்டுவதற்காக அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். தன் வண்டியில் அவர் உட்கார்ந்தே பார்த்திராத சீட் அது. முன்னால் ஒரு பஸ், கரும்புகை கக்கிக்கொண்டு. அவள் அவசரப்படவில்லை. பின்னாலேயே போனாள், கண்ணாடியைப் பார்த்தாள், எதிரே பார்த்தாள், ஒரு கியர் குறைத்து மிதித்தாள். நேர்த் தையல் போட்ட மாதிரி வண்டி பஸ்ஸைத் தாண்டிப் போய்த் தன் இடத்தில் சேர்ந்துகொண்டது. ஹாரன் இல்லை, வசவு இல்லை. அவர் ஆயுசில் இந்த இரண்டும் இல்லாமல் ஒரு பஸ்ஸைத் தாண்டியது கிடையாது. அவளோ பெரிதாக ஒன்றும் செய்யாதவளைப் போல, "சாயங்காலம் கீரை ஆயணும்" என்றாள்.

பின்னாலேயே வந்த ஸ்டாண்டுக்காரன் ஒருவன் அதைப் பார்த்திருக்கிறான். சாயங்காலம் வாசலுக்கே வந்து சொன்னான். "டிரைவரே, அண்ணி உங்களையே தூக்கிச் சாப்புட்டுடுவாங்க போலருக்கே!"

டிரைவர் சிரித்தார். ராத்திரி அவருக்குக் கீரையும் இறங்கவில்லை, சோறும் இறங்கவில்லை.

இவளுக்கு வேகம் ஜாஸ்தி, வயசுப் பெண் இருக்கிற வீடு, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றெல்லாம் படுத்தபடியே தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் உண்மை இல்லாமலில்லை. பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும்தானா என்று யாராவது கேட்டிருந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார்.

மறுநாள் மத்தியானம் அவள் அசந்து தூங்கும்போது காரியத்தைச் செய்தார். ஊன்றுகோலின் அடியில் மாட்டியிருந்த ரப்பர் குப்பி ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது என்று மருந்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டிருந்தாள் அவள். பழையதை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனார். பக்கத்துக் கதவைத் திறந்து இரண்டு சீட்டின் மேலும் குப்புறப் படுத்து, தன் வண்டியிலேயே திருடனைப் போலக் கையை உள்ளே விட்டார். ஆக்சிலேட்டர் மிதிக்குப் பின்னால் தரையில் விரல் கனத்துக்கு ஓர் இரும்பு முளை உண்டு. முழுதாக மிதித்தால் மிதி அதில் போய்த்தான் முட்டி நிற்கும். அந்த முளைக்குக் குல்லா போட்ட மாதிரி ரப்பர் குப்பியைக் கவிழ்த்து உள்ளங்கையால் அழுத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. இனிமேல் மிதி பாதியில் நின்றுவிடும். மேலே தரை விரிப்பை இழுத்து மூடினார். டவுனுக்குள் ஓட்டப் பாதி மிதி போதும் என்று கணக்குப் போட்டார். நல்ல டிரைவர் போட்ட கணக்கு.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வண்டியோடு அவள் பழகுவதற்குள்ளேயே இது நடந்துவிட்டது. அந்த மிதியின் முழு ஆழம் அவள் கால் அறியாதது. மேம்பாலத்தில் ஆட்களோடு ஏறும்போது வண்டி முனகியது. சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போனான். "ஆமை வண்டி" என்று மகளே கேலி செய்தாள். "அப்பா ஓட்டும்போது இப்படி இல்லியேம்மா" என்றும் ஒருநாள் சொன்னாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த டிரைவர் தலை நிமிரவில்லை.

எடுத்துவிடலாம் என்று ஒருமுறை போய்க் குப்புறப் படுத்தார். அழுத்தி மாட்டுவது சுலபம், பிடித்து இழுப்பது அப்படியில்லை. வெயிலில் இளகி ரப்பர் இரும்போடு கவ்விக்கொண்டிருந்தது. விரல் வழுக்கியது. "என்னப்பா தேடறே?" என்று மகள் வந்து நின்றாள். "பேனா விழுந்துடுச்சு" என்றார். இன்னொரு முறையும் போனார். மறைப்பானேன், அந்த இரண்டாம் முறை அவர் கை அவ்வளவு பலமாக ஒன்றும் இழுக்கவில்லை. அந்த வாரம்தான் ஸ்டாண்டில் யாரோ, "என்ன இருந்தாலும் டிரைவர் கை பட்ட மாதிரி வருமா?" என்று சொல்லியிருந்தார்கள்.

வாரத்தில் மூன்று நாள் அவள் டீச்சரம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வருவாள். ரிட்டையரான டீச்சர். தனியாக இருக்கிறவர், ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய உடம்பு. வீட்டு வருமானத்தில் நிலையானது அந்தச் சவாரிதான். அதைவிட, டீச்சரம்மா இவளைத் தேடிக் கூப்பிட்டது இவளுக்குப் பெருமை. "ஒரு பொம்பள ஓட்டினா நான் கண்ண மூடிக்கிட்டு சாஞ்சுக்குவேன்" என்பார்.

அன்றைக்குச் சவாரி முடிந்து வந்தவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். டிரைவர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் போனார்.

"என்ன, அப்படியே உக்காந்துட்டே?"

"கால் நடுங்குதுங்க. எறங்கினா விழுந்துடுவேன்."

"என்னாச்சு?"

"மெயின் ரோட்டுல ஏறணும். லாரி தூரத்துலதான் வருது. தாராளமாப் போயிடலாம். என் கணக்கு தப்பே இல்லங்க, சத்தியமாச் சொல்றேன். ஏறிட்டேன். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி நவுருதே ஒழிய போக மாட்டேங்குது. உசுரக் குடுத்து மிதிக்கிறேன். கண்ணாடியில பாத்தா லாரியோட மூஞ்சி மட்டும்தான் தெரியுது. அவன் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. எறங்கி வந்து நாலு பேர் முன்னாடி கேட்டான். ஓட்டத் தெரியலன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதானே, எதுக்கு எங்க உசுர வாங்கறேன்னு. என்ன பதில் சொல்ல? அவன் கேட்டது நியாயம்தானே?"

டிரைவர் பின் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"டீச்சரம்மாவுக்கு?"

"ஒண்ணும் ஆகல. முன் சீட்டுல முட்டிக்கிட்டாங்க. ஊசி குத்துன எடத்துல மறுபடி ரத்தம் கசிஞ்சுடுச்சு. திட்டுவாங்கன்னு பாத்தேன். எறங்கும்போது என் கையப் பிடிச்சுக்கிட்டு, கொஞ்ச நாளைக்கு வேற வண்டி பாத்துக்கறேம்மா, மனசுல வச்சுக்காதேன்னாங்க. அதுக்குத் திட்டியிருக்கலாங்க."

அவள் அழவில்லை. அழுதால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

"வித்துடலாங்க" என்றாள். "எங்க அண்ணன் அப்பவே சொன்னாரு. தந்தி சொன்னதும் சரிதான் போல. என் கால்ல என்னமோ இருக்கு. நான் மிஷினையே மிதிச்சுக்கிட்டுக் கெடக்கறேன். யாரையாவது கொன்னுட்டு அப்புறம் உக்காந்து அழக் கூடாது."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று டிரைவர் வாயைத் திறந்தார். "அது வந்து..." என்று தொடங்கியும்விட்டார். அதற்குள் மகள் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஓடி வந்தாள். "அம்மா, இனிமே டீச்சரம்மாவ தந்தி மாமாதான் கூட்டிக்கிட்டுப் போவாராம். டீச்சரம்மா போன் பண்ணாங்கன்னு ஸ்டாண்டுல சொல்லிக்கிட்டு இருக்காரு."

தொடங்கிய பேச்சு தொண்டைக்குள்ளேயே புரண்டு வேறாக வெளியே வந்தது. "வித்துடலாம்னு அவசரப்படாதே. வாய்தாகிட்ட ஒருக்கா காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்."

தன் குட்டு உடைய வேண்டிய இடத்துக்குத் தானே வழி சொல்லிவிட்டார். வாய்தா கண்டுபிடித்துவிடட்டும் என்று ஆசைப்பட்டாரா, கண்டுபிடிக்க மாட்டான் என்று நம்பினாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

வாய்தா என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். யார் போனாலும் நாளைக்கு வா, திங்கக்கிழமை வா என்று தள்ளிப்போடுகிறவன். டிரைவருக்கு மட்டும் தள்ளிப்போட மாட்டான், அவ்வளவு சிநேகிதம். காலையில் இவர்கள் போனபோது நல்ல மழை. தகரக் கூரையில் விழுந்த மழைக்குப் பேச்சே கேட்கவில்லை. ஷெட்டுக்குள் ஆயில் வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து கிடந்தன. டிரைவரை ஒரு பழைய வண்டி சீட்டில் உட்கார வைத்துவிட்டு, வாய்தா கைலியை மடித்துக் கட்டினான்.

"வா தங்கச்சி, வண்டிய எடு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

எந்த வண்டியையும் அவன் தானாக ஓட்டிப் பார்க்க மாட்டான். "நோயாளியத்தான் நடக்கச் சொல்லணும். டாக்டர் நடந்து என்ன பிரயோசனம்?" என்பான். ஒரு சுற்றுப் போய் வந்து இறங்கி, சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருந்தால் சூடேறியிருக்கும். ஏறவில்லை. சைலன்சர் வாயில் கையைக் காட்டினான். புகை அடைப்பில்லாமல் வந்தது. பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தண்ணீர் இல்லை. வண்டிக்கு அடியில் சாக்கைப் போட்டுப் படுத்தான். கூரை ஓட்டையிலிருந்து ஒழுகிய மழை அவன் வயிற்றிலேயே சொட்டியது. "எங்கடி ஒளிஞ்சிருக்கே?" என்று அடியிலிருந்து வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருத்தன் விழுந்து புரண்டு தேடுவதை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எவ்வளவு கேவலம் என்று டிரைவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊன்றுகோலின் அடியில் புது ரப்பர் கறுப்பாகப் பளபளத்தது. அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டார்.

வாய்தா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தான். "தங்கச்சி, ஸ்டார்ட் பண்ணு. மிதிக்காதே. சும்மா உக்காரு." ஆக்சிலேட்டர் கேபிள் எஞ்சினில் வந்து சேருகிற இடத்தைப் பிடித்துக் கையாலேயே முழுதாக இழுத்தான். வண்டி அலறியது. தகரக் கூரை அதிர்ந்தது. மழைச் சத்தம் இருந்த இடம் தெரியவில்லை.

அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே, நம்ம வண்டிச் சத்தமா இது?"

"ஒன் வண்டிதான். இப்ப நீ மிதி. முழுசா மிதிக்கணும்."

வண்டி பழையபடி முனகியது.

"இன்னும் மிதி."

"முழுசாத்தான் மிதிச்சிருக்கேன் அண்ணே. இதுக்கு மேல போகல."

வாய்தா கேபிளைப் பார்த்தான். பாதிதான் வந்திருந்தது. துடைத்த துணியைத் தோளில் போட்டான். "எஞ்சின் ராஜா மாதிரி இருக்கு. கோளாறு இங்க இல்ல, ஒன் காலுக்கும் இதுக்கும் நடுவுல இருக்கு. கண்டுபிடிச்சாச்சுன்னு வச்சுக்க. போய் மூணு டீ வாங்கிட்டு வந்துடு, அதுக்குள்ள முடிச்சுடறேன்."

அவள் குடையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். வாய்தா டிரைவர் சீட்டுக்கு முன்னால் மண்டியிட்டுத் தரை விரிப்பை விலக்கிக் கையை உள்ளே விட்டான். தடவிக்கொண்டிருந்த கை நின்றது. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினான். டப்பென்று ஒரு சத்தம். கையில் வந்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் தேய்ந்த ரப்பர் குப்பி. பிறகு சீட்டுக்கு அடியில் கிடந்த ஊன்றுகோலைப் பார்த்தான். டிரைவரின் முகத்தைக் கடைசியில்தான் பார்த்தான்.

"மாப்ள, இது தானாப் போய் மாட்டிக்காது."

டிரைவர் ஊன்றுகோலை இன்னும் உள்ளே தள்ளினார்.

"நீயா?"

"அவ ரொம்ப வேகமாப் போறா. பயந்துட்டேன்."

"பயம்னா சொல்லிட்டு வச்சிருப்பியே."

சிநேகிதன் திட்டுவான் என்று டிரைவர் காத்திருந்தார். அவன் திட்டவில்லை. தன் கைலியிலேயே ரப்பரைத் துடைத்து, அவர் சட்டைப் பையில் போட்டான்.

"கேபிள் தொங்கிப்போச்சு, இழுத்துக் கட்டிட்டேன்னு சொல்லிடறேன். ஒன் மூஞ்சிக்காக இல்ல. அந்தப் பொண்ணு இதையும் தாங்கணுமான்னு பாக்கறேன். ஆனா ஒண்ணு, இனிமே கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே. ஒன்னப் பாத்தா எனக்கு என்னமோ போல இருக்கு."

டீயோடு வந்தவளிடம் சொன்னபடியே சொன்னான். அவள் கிளாஸைக் கையில் பிடித்தபடி, "அப்ப என் கால் இல்லையா அண்ணே?" என்று கேட்டாள்.

"ஒன் கால்ல ஒரு கோளாறும் இல்ல தங்கச்சி." சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பானரைத் தேடினான். ஸ்பானர் அவன் கையிலேயே இருந்தது.

மழை தூறலாக இளைத்திருந்தது. அவள் வண்டியை எடுத்தாள். மேம்பாலத்தின் அடிவாரத்தில் ஒரு கணம் தயங்கி, கியரைக் குறைத்து மிதித்தாள். வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளிய மாதிரி பாய்ந்தது. முன்னால் போன வேனைத் தாண்டிப் பாலத்தின் உச்சிக்கு வந்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தாள். "ஒரு கேபிளுக்காக இத்தன நாளா என் காலைத் திட்டிக்கிட்டு இருந்தேன். மொதல்ல டீச்சரம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிடலாங்க. கேபிள்தான் டீச்சர், நான் இல்லன்னு. அப்புறம் அந்தத் தந்திப் பய இருக்கானே, அவன..." சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நான் ஒண்ணு நெனச்சேங்க. இவ்வளவு நடந்தும் நீங்க என்னைய ஒரு வார்த்த கேக்கல. உங்க வண்டிய நான் பாழாக்கிட்டேன்னுதான் எல்லாரும் பேசினாங்க. வேற ஆம்பளயா இருந்தா வீட்ட ரெண்டாக்கியிருப்பான். நீங்க வாயே தெறக்கல. பெரிய மனசுங்க உங்களுக்கு."

செருப்பால் அடித்திருந்தால்கூட டிரைவர் வாங்கிக்கொண்டிருப்பார். இதை வாங்க முடியவில்லை. பையிலிருந்து ரப்பரை எடுத்து டேஷ்போர்டில் அவள் கண்ணெதிரே வைத்தார்.

"என்னது இது? உங்க கம்புல இருந்ததுல்ல? தூக்கிப் போட்டுட்டேன்னீங்க?"

"கேபிள் இல்ல. இதுதான். மிதிக்குப் பின்னால இருந்துச்சு. நான்தான் வச்சேன்."

அவள் பாலத்தை விட்டு இறங்கி, ஓரமாக நிறுத்தினாள். வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"எப்ப?"

"என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியே. பஸ்ஸத் தாண்டினியே. அதுக்கு மறுநாள்."

"நான் வேகமாப் போய் விழுந்துடுவேன்னு பயந்துட்டீங்களா?"

அப்போதும் அவரை நல்லவராக்க அவளே ஒரு வழி தேடிக் கொடுத்தாள். தலையை ஆட்டினால் போதும். டிரைவர் ஆட்டப் போனார், கழுத்து மறுத்துவிட்டது.

"அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நெஜம் அது இல்ல. நீ என்னவிட நல்லா ஓட்டுனே. எனக்குப் பொறுக்கல."

அவள் ரப்பரைக் கையில் எடுத்து, தேய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். ஒவ்வொரு ராத்திரியும் ஊன்றுகோலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவைத்த விரல் அது.

"லாரி வந்தப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" அவள் குரல் உயரவே இல்லை. "உசுரு போகப்போகுது, புள்ளய நெனக்கணும், சாமிய நெனக்கணும். நான் அதெல்லாம் நெனக்கல. ஐயோ, அவரு வண்டிய ஒடைக்கப் போறேனேன்னு நெனச்சேன்."

டிரைவர் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவள் தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். டீச்சரம்மா வீட்டு கேட்டுக்கு எதிரே நிறுத்தினாள்.

"எறங்குங்க."

"நீ வரலியா?"

"நான் வந்து கேபிள்னு பொய் சொல்ல மாட்டேன். நெஜத்தச் சொல்லி உங்கள அசிங்கப்படுத்தவும் மாட்டேன். வச்சவங்களே போய்ச் சொல்லட்டும். இந்தாங்க, இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஸ்டாண்டுல?"

"மொதல்ல இங்க. ஸ்டாண்டு எங்க போயிடப் போகுது, எதிர்லதானே இருக்கு."

ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் ரப்பர். கேட்டிலிருந்து கதவு வரைக்கும் பதித்திருந்த கற்கள் மழையில் பாசி பிடித்து வழுக்கின. ஒவ்வொரு கல்லாக ஊன்றி ஊன்றிப் போனார். பின்னால் வண்டி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, அவள் அணைக்கவில்லை. விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று திரும்பிப் பார்க்க நினைத்தார். பார்க்கத் தைரியம் இல்லை. மணியை அழுத்தினார்.

"யாரு?" உள்ளேயிருந்து டீச்சரம்மாவின் களைத்த குரல் வந்தது.

எத்தனையோ வீட்டு வாசலில் நின்று, எத்தனையோ தடவை அந்தக் கேள்விக்கு அவர் 'டிரைவர்' என்ற ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். அது இப்போதும் நுனிநாக்குக்கு வந்தது. விழுங்கினார்.

"யாருன்னு கேக்கறேன்ல?"

"நான்..." என்றார். "உங்க டிரைவரோட வீட்டுக்காரருங்க."

உள்ளே தாழ்ப்பாள் விலகியது.